தலையில்லாக் குருவிகளை அப்புறப்படுத்தக் கோருதல்

நவம்பர் 18, திங்கள்

பேச்சுப் பயிற்சி தருகிற நஸ்ரின் இன்றைக்கு ஓர் உத்தரவு போட்டிருக்கிறாள். உலகம்மாள் தினமும் என்ன பேசுகிறாள், எப்போது பேசுகிறாள் என்று நான் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டுமாம். தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பத்திரண்டு வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுதுவது ஒரு கஷ்டமா? பட்டா மாறுதல், பாதைத் தகராறு, மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை எல்லாம் எழுதியாயிற்று. பெண்டாட்டியின் பேச்சை மட்டும் எழுதியதில்லை. அதற்கு அப்போதெல்லாம் பேப்பர் போதாது.

இப்போது போதும். அவளிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலையில் அடுப்படியில் விழுந்தாள். பக்கவாதம். கால் திரும்ப வந்துவிட்டது, வலது கை பாதி வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடைப்பு என்று படம் போட்டுக் காட்டினார்கள். ரேஷன் கடையில் இருபத்தாறு வருஷம் கார்டு நம்பர் கூப்பிட்ட தொண்டை அது. பாமாயில் தீர்ந்துவிட்டது என்று அவள் உள்ளே சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவான். அந்தத் தொண்டையில் தங்கியது 'மூதி' மட்டும்.

நஸ்ரின் மதுரைக்காரி என்பதால் அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. மூதேவிதான் எங்கள் பக்கத்தில் தேய்ந்து மூதியாகிவிட்டது. திட்டவும் செய்யலாம், கொஞ்சவும் செய்யலாம், சும்மா இருக்கும்போது சொல்லிக்கொள்ளவும் செய்யலாம். பெரிய டாக்டர் முதல் நாள் குனிந்து, "உங்க பேர் என்னம்மா?" என்று அன்பாகக் கேட்டார். "மூதி" என்றாள். அவர் அதைச் சீட்டில் எழுதப் போனார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

நவம்பர் 19

காலையில் மெஸ்ஸிலிருந்து இட்லி, சட்னி மட்டும் நான் அரைத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு "மூதி" என்றாள். உப்பு கூடிவிட்டது. பகலில் ரப்பர் பந்தை இருநூறு தடவை அழுத்தினாள், அதில் இருபது தடவை என் மேல் எறிந்தாள்.

சாயங்காலம் நாற்காலியை ஜன்னல் பக்கம் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள். எங்கள் வீடு கடைத்தெருவில், தளவாயின் ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு நேரே மின்கம்பிகள் ஓடும். ஆறு மணிக்கு அவை காலி. ஆறேகாலுக்குள் மருந்துக்கடை முனையிலிருந்து பள்ளிவாசல் முனைவரை ஆயிரக்கணக்கில் குருவிகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கருநீல முதுகு, செங்கல் நிறத் தொண்டை, பிளந்த வால். பகலெல்லாம் குளத்துப் பக்கம் பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்றுவிட்டுத் தூங்குவதற்கு மட்டும் ஊருக்குள் வருகிற கூட்டம். ஐப்பசியில் வடக்கேயிருந்து வரும், பங்குனியில் திரும்பும். இங்கே கூடெல்லாம் கட்டாது. குளிர்காலம் முழுக்கக் கம்பிதான் வீடு.

சரியான பெயர் தகைவிலான். எங்கள் ஊர் வாயில் அது நுழையாமல் தலையில்லானாகி, தலையில்லாக் குருவியாகிவிட்டது. நான் பேச்சில்கூட அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு எழுத்துப் பிழையால் இரண்டு ஏக்கர் இரண்டு சென்ட் ஆன கதையெல்லாம் எங்கள் தொழிலில் உண்டு. என் மனுவில் இதுவரை ஒரு புள்ளி தவறியதில்லை.

இருபது வருஷமாக இவற்றின் கீழே நடந்து தலையில் வாங்கியிருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தது இன்றைக்குத்தான்.

நவம்பர் 22

நஸ்ரின் போனில் சொன்னாள்: "சார், எண்ணுறது பாட்டு மாதிரி. யோசிக்காமத் தானா வரும். எதையாச்சும் எண்ணச் சொல்லுங்க."

வெங்காயத்தை வரிசையாக வைத்தேன். மூதி. மாடிப்படியில் இறக்கிக் காட்டினேன். மூதி. சில்லறைக் காசைக் கொட்டினேன். அதைத் தட்டிவிட்டாள், ஒன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

சாயங்காலம் முதல் குருவி வந்து கம்பியில் உட்கார்ந்தது. இடது கை விரலை நீட்டி, யாரும் கேட்காமலே, "ஒண்ணு" என்றாள்.

நான் காபி டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டாவது வந்தது. "ரெண்டு." மூன்றாவது வந்தது. வாயைக் குவித்தாள், நெற்றி சுருங்கியது. "மூதி" என்றாள்.

மூணுக்கும் மூதிக்கும் முதல் எழுத்து ஒன்றுதானே, கணக்கில் சேர்க்கலாமா என்று நஸ்ரினிடம் கேட்டேன். சேர்க்கக் கூடாதாம்.

நவம்பர் 25

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, மூதி.

நவம்பர் 28

ஐந்து வந்துவிட்டது. ஆனால் குருவியைத் தவிர வேறு எதையும் எண்ண மாட்டேன் என்கிறாள். வெங்காயத்துக்கு இன்னமும் மூதிதான். குருவி வந்தால் எண் வருகிறது, குருவி இல்லையென்றால் இல்லை. "எதுல வருதோ அதைப் பிடிச்சுக்கங்க சார். முதல் ஆறு மாசந்தான் முக்கியம்" என்றாள் நஸ்ரின். குருவிகள் பங்குனிவரை இருக்கும். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

பார்க்கப் பார்க்க எனக்கும் பழகிவிட்டது. பைபாஸில் காற்றாட இவ்வளவு கம்பி இருக்கும்போது, பஸ் ஆரனுக்கும் டீக்கடைப் பாட்டுக்கும் நடுவில் வந்து ஏன் தூங்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். காற்றாடுவதுதான் அங்கே கோளாறு. இங்கே இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள், காற்று அடிப்பதில்லை. பகலில் சுவர் வாங்கிய சூடு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. விளக்கும் ஆள் நடமாட்டமும் இருப்பதால் ஆந்தை எட்டிப் பார்ப்பதில்லை. ஆக, நம் சத்தம்தான் அவற்றுக்குக் காவல்.

ஒட்டி உட்காருவதும் கிடையாது. ஒன்றுக்கொன்று அலகு எட்டாத தூரம் விட்டுத்தான் இடம் பிடிக்கின்றன. பிந்தி வருகிற ஒன்று நடுவில் நுழைந்தால் வரிசை முழுக்க ஓர் அங்குலம் நகர வேண்டும், கடைசியில் இருப்பது விழுந்து வேறு கம்பி தேட வேண்டும். டவுன் பஸ் மூன்று பேர் சீட்டில் நடக்கிற அதே சண்டை. திட்டுகிற சத்தமும் அப்படித்தான் இருக்கிறது.

தளவாய் மேலே வந்தான். வெளியே தொங்கவிட்ட வெள்ளை வேட்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினான். வேட்டியில் குருவி எச்சம் புதிதாகப் பொட்டு வைத்திருந்தது.

"அண்ணாச்சி, இதப் பாருங்க. மாப்பிள்ள வேட்டி. இத எவன் கெட்டுவான்? சங்கத்துல முடிவு பண்ணிட்டோம். நகராட்சிக்கு மனுக் குடுக்கோம். நீங்கதான் எழுதணும்."

வியாபாரிகள் சங்கத் தலைவன் அவன். எங்களுக்கு வீட்டுக்காரனும் அவன்தான். நான் என்ன சொல்ல? சரி என்றேன். உலகம்மாள் அவனைப் பார்த்துச் சொன்னதை நோட்டில் எழுத வேண்டிய அவசியமில்லை, சொல் ஒன்றுதானே.

டிசம்பர் 2, திங்கள்

மனு எழுதிக் கொடுத்தேன். பெறுநர், பொருள், பார்வை என்று எல்லாம் இலட்சணமாக வந்தது. பொருள்: 'கடைத்தெருவில் மின்கம்பிகளில் தங்கியுள்ள தலையில்லாக் குருவிகளை அப்புறப்படுத்தக் கோருதல்.' உள்ளேயும் ஐந்து இடத்தில் 'மேற்படி தலையில்லாக் குருவிகள்' என்று வந்துவிட்டது.

தளவாய் கையெழுத்தெல்லாம் வாங்கி, மனு தபாலில் போன பிறகுதான் கவனித்தேன். மத்தியானம் வெளிச்சம் போதவில்லை. கண்ணாடியையும் மாற்ற வேண்டும். வயதாகிவிட்டது.

டிசம்பர் 3

ஒன்பது வரை போனாள். எட்டு மட்டும் மூதி.

டிசம்பர் 12

மூன்று நாளாக விடாத மழை. மழையில் பூச்சி பறக்காது, பூச்சி பறக்காவிட்டால் இவற்றுக்குச் சாப்பாடு கிடையாது. நாலு மணிக்கே வந்து கம்பியில் உட்கார்ந்துவிட்டன. இறகை உப்பிக்கொண்டு, எல்லாம் மழை வருகிற பக்கமாக மூஞ்சியை வைத்துக்கொண்டு இருந்தன. இன்றைக்குச் சண்டை இல்லை. உலகம்மாள் எண்ணவும் இல்லை.

ஐந்தரைக்கு இரண்டு விழுந்தன. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து வாசலைக் காட்டினாள். குடை எடுக்காமல் ஓடினேன். இரண்டையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்தாலும் கனமே தெரியவில்லை. தளவாய் கடைக்குள்ளிருந்து பார்த்தான். ஒரு காலி வேட்டிப் பெட்டியில் துண்டுத் துணி போட்டு நீட்டினான்.

"ஏதோ பெட்டி சும்மா கெடந்துன்னு குடுக்கேன். எரக்கப்பட்டேன்னு வெளிய சொல்லிராதீங்க" என்றான்.

மேலே கொண்டுவந்து உலகம்மாள் மடியில் வைத்தேன். இடது கை விரலால் ஒன்றின் முதுகைத் தடவினாள்.

"குளிருது" என்றாள்.

எண்ணும் இல்லை, மூதியும் இல்லை, ஒரு சொல். குருவிக்கா, அவளுக்கா என்று தெரியவில்லை. போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டேன். அதை இழுத்துப் பெட்டியின் மேல் போட்டாள். அறுபத்தொரு வயதில் ஒருத்தன் நனைந்த வேட்டியோடு தரையில் உட்கார்ந்து அழுதான் என்று நஸ்ரினுக்காக எழுதிவைக்கிறேன். சந்தோஷத்தில்தான்.

டிசம்பர் 13

காலையில் பெட்டியைத் திறந்தேன். ஒன்று பறந்துவிட்டது. இன்னொன்று செத்திருந்தது. மழை விட்டது.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. ஐந்தரைக்கே கோயில் குழாய் பாடத் தொடங்கிவிட்டது. எழுந்து ஜன்னலைத் திறந்தால் கம்பி முழுக்க உருண்டை உருண்டையாக இருந்தது. ஒன்றுக்கும் தலை இல்லை. தலையைத் திருப்பி முதுகு இறகுக்குள் செருகி வைத்துக்கொண்டு, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, மற்றொரு காலில் தூங்குகின்றன. மூக்கும் காலும்தான் இறகில்லாத இடம், அதன் வழியாகத்தான் சூடு போகும். மூடி வைத்துக்கொண்டால் பனியைத் தாங்கலாம். அப்படிப் பார்த்தால் ஊர் வாயில் பெயர் கெட்டதும் முழுக்கக் கெட்டதில்லை.

வெளிச்சம் வர வர வரிசையாகத் தலைகள் முளைத்தன. அவை முளைக்க முளைக்க உலகம்மாள் எண்ணினாள். பதினேழு.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்தல ஆய்வு என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மனுதாரர்களோடு மனு எழுதியவனும் இருக்க வேண்டும் என்கிறான் தளவாய்.

டிசம்பர் 19, வியாழன்

சுகாதார ஆய்வாளர் பெயர் ஜெபமலர். நாகர்கோவில் பக்கம். முப்பது வயதிருக்கும், புதிதாக வந்தவர். கையில் என் மனு. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துவிட்டு, அண்ணாந்து கம்பியைப் பார்த்தார். ஆறு மணி பத்து நிமிடம். குருவிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"தலையில்லாக் குருவி எதுங்க?" என்றார்.

"இதுதான் மேடம். இந்தா இருக்கே, எல்லாமே" என்றான் தளவாய்.

"இதுக்கெல்லாம் தலை இருக்கே சார்."

"அது பேரு மேடம். ஊர்ல அப்பிடித்தான் சொல்லுவோம்."

"மனுவுல பேருன்னு போடலியே. தலையில்லாத குருவிய அப்புறப்படுத்தணும்னுதான் இருக்கு. தலை இருக்கிற குருவியப் பத்தி மனு இல்ல."

"விடியக்காலம் வந்து பாருங்க மேடம், ஒண்ணுக்கும் தலை இருக்காது!"

"தலை இல்லாமத்தான் இந்தக் கத்துக் கத்துதா?"

தெருவே சிரித்தது. அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு சொட்டு எச்சம், நேராக மனுவின் 'பொருள்' மேல் விழுந்தது. "ஆதாரம் மேடம், இது ஆதாரம்!" என்று தளவாய் குதித்தான். அவர் பேனாவை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிரமநாயகம் சார், உங்க மனு எங்க ஆபீஸ்ல நெறைய இருக்கு. ஒரு புள்ளி தப்பு கெடையாது. இந்த ஒரு வார்த்தைல மட்டும் எப்பிடி சார் தப்பு வந்துது?"

"கண்ணாடி மாத்தணும் மேடம்" என்றேன்.

மாடி ஜன்னலில் உலகம்மாள் குரல் கேட்டது. "பத்தொம்போது, இருவது, இருவத்தொண்ணு." ஜெபமலர் அண்ணாந்து பார்த்தார். மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "மாத்திக்கிடுங்க சார். அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 27

அறிக்கையின் நகல் வந்தது. அழகான வாசகம், நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது: 'மனுவில் குறிப்பிட்டவாறு தலையில்லாக் குருவிகள் எவையும் ஸ்தலத்தில் காணப்படவில்லை. காணப்பட்ட குருவிகள் அனைத்தும் தலையுடன் இருந்தன. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது.'

தளவாய் இரண்டாவது மனு எழுதச் சொன்னான். முடித்து வைத்த பொருளில் புது மனு போட முடியாது, மேல்முறையீடுதான், அதற்கு முதலில் அறிக்கையின் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும், அதற்கு ஒரு மனு, முப்பது நாள் ஆகும் என்றேன். முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தில் கற்ற அத்தனை முட்டுக்கட்டைகளையும் வரிசையாகச் சொன்னேன். தாலுகா ஆபீஸ்காரர்கள் எனக்குச் செய்ததையெல்லாம் நான் தளவாய்க்குச் செய்தேன். எவ்வளவு சுகமான வேலை!

ஜனவரி 5

நாற்பது வரை வந்தாயிற்று. நடுநடுவே 'தண்ணி', 'வேண்டாம்', 'இங்க வா' எல்லாம் வருகிறது. எட்டு மட்டும் வருவதில்லை. எட்டு, பதினெட்டு, இருபத்தெட்டு எல்லாவற்றுக்கும் மூதி.

ஒன்றை எழுதிவிட வேண்டும். நஸ்ரினிடம் காட்டும்போது இந்தப் பக்கத்துக்குக் கிளிப் போட்டுவிடலாம்.

அக்டோபர் ஒன்பது காலையில் நான் ஒரு பாகப்பிரிவினை மனுவை அவசரமாக எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் நின்று கேஸ் சிலிண்டர்காரன் வராத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேஸ்காரனில் தொடங்கி, அவன் மாமனார், மாமனாரின் இரண்டாவது வீடு என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வரி தவறியது. "செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இருடி" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அடுப்படிக்குள் போனாள். ஐந்து நிமிடத்தில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அவள் என் பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வீட்டில் இருந்த சத்தமெல்லாம் அவள் சத்தம்தான். அதை நான் நிறுத்தினேன். டாக்டர்கள் அடைப்பு என்கிறார்கள். அவர்களுக்கு அன்றைக்குக் காலையில் நடந்தது தெரியாது.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. வெல்லம் கட்டி கட்டியாக நின்றது. உலகம்மாள் ஒரு வாய் தின்றுவிட்டு, "பரவால்ல" என்றாள். முப்பத்து நாலு வருஷத்தில் பேச்சு இருந்த காலத்திலும் என் சமையலுக்கு இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்ததில்லை.

ஜனவரி 17, வெள்ளி

மத்தியானம் நாலு மணிக்குத் தளவாய் மாடியேறி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தைப் பார்த்தாலே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்தது.

"மதினி, இன்னைக்கு சாயங்காலம் ஜன்னலச் சாத்திக்கிடுங்க. சங்கத்துல ரெண்டு வெடிச்சரம் வாங்கியிருக்கு. குருவி வந்து அடையிற நேரத்துல போடுவோம். மூணு நாள் போட்டா எடத்த மாத்திரும். சத்தத்துல நீங்க பயந்துரப்படாதுன்னுதான் சொல்ல வந்தேன்."

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நாற்பதில்தான் நிற்கிறாள். குருவி போனால் எண் போகும், எண் போனால் எல்லாம் பழையபடி ஒரு சொல்லுக்குப் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. எழுந்து அவன் கையைப் பிடித்தேன்.

"தளவாய், போடாதப்பா. அவ அதப் பாத்துத்தான் பேசுதா. வேற எதுலயும் வரமாட்டேங்கு. அந்த மனுவுல நான் வேணும்னேதான் தப்பா எழுதுனேன். கண்ணாடியும் இல்ல, வெளிச்சமும் இல்ல. வேணும்னே எழுதுனேன்."

அவன் வாயைப் பிளந்தான். "அண்ணாச்சி! நான் உங்கள நம்பி சங்கத்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன். ஊரே சிரிச்சுது என்னப் பாத்து."

"தப்புதான்."

"தப்புன்னா ஆச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாது? நான் என்ன அரக்கனா? இப்பச் சொன்னா நான் என்ன செய்ய? மத்தவன் எல்லாம் சரத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கான். நாளைக்கும் அந்தக் குருவி என் கடையில பேளும், நான் பாத்துக்கிட்டே…"

"ஏன், நீ பேளதே இல்லியால, தளவாய்?"

நானும் அவனும் ஒரே நேரத்தில் திரும்பினோம். உலகம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அது எட்டணா கனம் இல்ல. அது பேண்டா தொடச்சிக்கிட முடியாது ஒனக்கு? வேட்டிய உள்ள போட்டு வில்லு. வெடி போட்டேன்னா, நான் ஒன் கடைக்கு முன்னால வந்து உக்காருவேன் பாத்துக்கோ."

என்ன செய்ய உட்காருவாள் என்று அவள் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. நஸ்ரின் கல்யாணமாகாத பெண்.

தளவாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "மதினி பேசிட்டா" என்றான். பிறகு எழுந்து படியில் தடதடவென்று இறங்கி, "ஏ, மதினி பேசிட்டா! என்னத்தான் மொதல்ல ஏசுனா! என்னத்தான்!" என்று தெருவில் கத்தினான். ரேஷன் கார்டு வைத்திருந்த அத்தனை பேருக்கும் அந்த வாய் தெரியும். கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். சந்தோஷம் தாங்காமல் தளவாய் வெடிச்சரத்தை எடுத்துக் கொளுத்தப் போனான். நான் படியில் உருளாத குறையாக ஓடிப் போய்ப் பிடுங்கினேன்.

ஆறேகாலுக்குக் குருவிகள் வந்தன. யாரும் ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி 19

தளவாய் கடைக்கு முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டிவிட்டான். வேட்டிகள் உள்ளே போய்விட்டன. 'உலகம்மாள் மதினி வாயால் ஏசப்பட்ட கடை' என்று போர்டு வைக்கலாமா என்று கேட்கிறான்.

பிப்ரவரி 8

இருநூற்றுப் பதினாறு. எட்டு திரும்ப வந்துவிட்டது.

பிப்ரவரி 21

இன்றைய பேச்சு: காபி ஆறிவிட்டது, பால்காரன் தண்ணீர் கலக்கிறான், நான் குளிக்கவில்லை, நஸ்ரின் மெலிந்துவிட்டாள், கேஸ்காரன் மாமனாருக்கு மூன்றாவது வீடும் இருக்கிறதாம். வார்த்தை தேடும்போது கொஞ்சம் நிற்கிறாள், கிடைத்ததும் விட்ட நேரத்துக்கும் சேர்த்துப் பேசுகிறாள். இப்படியே போனால் நோட்டு தீர்ந்துவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு வாரமாகக் கம்பி குறைந்துகொண்டே வந்தது. முந்தாநாள் நூறு, நேற்று அறுபது. அடையும் முன் குளத்துக்கு மேலே வட்டமடித்துவிட்டு அப்படியே வடக்கே போய்விடுகின்றன. இன்றைக்குப் பதினொன்று. எண்ணி முடித்ததும் உலகம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த நோட்டத் தாங்க."

"எந்த நோட்டு?"

"நான் பேசுனத எழுதுன நோட்டு. நான் பேசுனது எனக்குத் தெரிய வேண்டாமா?"

கொடுத்தேன். கிளிப் போட்ட பக்கத்தை மறந்துவிட்டேன். விரல் வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாக வாசித்தாள். நடுவில் இரண்டு தடவை சிரித்தாள். கிளிப்பைக் கழற்றியதைப் பார்த்ததும் நான் அடுப்படிக்குப் போய் அரிசி களையத் தொடங்கினேன். களைந்த அரிசியையே மூன்று தடவை களைந்தேன்.

"இங்க வாங்க" என்றாள். போனேன்.

"நீங்க வாய மூடுன்னு சொன்னதுக்கா நான் விழுந்தேன்?"

நான் ஈரக் கையை வேட்டியில் துடைத்தேன்.

"முப்பத்து நாலு வருசமா சொல்லுதீய. அப்பல்லாம் விழுந்தேனா? போயி முருகர் படத்துக்குப் பொறத்தால கையப் போட்டுப் பாருங்க."

அவள் விழுந்த நாளிலிருந்து அந்தப் படத்தை யாரும் துடைக்கவில்லை. பின்னால் கையை விட்டேன். சின்னச் சின்னதாக விரலில் தட்டுப்பட்டன. உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பிரஷர் மாத்திரைகள். பதினைந்து இருந்தன.

"கசந்துச்சு. நீங்க குடுத்ததும் வாங்கி, நீங்க அந்தால திரும்புனதும் அங்கன போட்டுருவேன். பதினஞ்சு நாளு. டாக்டரு ஒரு நாளு விடக் கூடாதுன்னு சொன்னாருல்ல, நான்தான் கேக்கல." ஒரு சொல்லுக்காகக் கொஞ்சம் நின்றாள், கிடைத்தது. "அஞ்சு மாசமா என்னப் பாக்கும்போதெல்லாம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னீய. இதச் சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் வாயத் தொறந்தேன். வேற என்னமோ வந்துச்சு."

மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துப் போயிருப்பாளே, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருப்பாளே என்று கத்த வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். நெஞ்சுக்குள் அக்டோபரிலிருந்து கிடந்ததெல்லாம் சத்தமாக வெளியே வந்தது, கீழே கடைக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அவள் என் தலையில் இடது கையை வைத்தாள். அழாதே என்று சொல்லவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு நேரம் சும்மா இருந்தது இன்றைக்குத்தான்.